ஐசியு உதவியாளர் வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பிள்ளைகள் எங்கே சேரலாம்?

பிளஸ் டூ முடித்துவிட்டோ பத்தாவதோடு நின்றுவிட்டோ ஆஸ்பத்திரி வேலைக்குப் போகலாம் என்று நினைக்கிற பிள்ளைகள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிறைய. பி.எஸ்சி நர்சிங்குக்கு மார்க் போதாது, தனியார் கல்லூரிக்குப் பணம் போதாது என்ற நிலையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் உதவியாளர் வேலை கண்ணில் படுகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒப்பந்தப் பணி, ஊரிலேயே சின்னத் தனியார் மருத்துவமனை, ஓசூர் அல்லது பெங்களூருவில் பெரிய மருத்துவமனை, இவை மூன்றும் உடனே வேலைக்குப் போகும் வழிகள். ஒரு வருடம் பொறுத்துச் சான்றிதழ்ப் படிப்பு முடித்துவிட்டுப் போவது நான்காவது. பெரும்பாலும் சம்பளத்தை மட்டும் வைத்தே முடிவெடுக்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ராத்திரி டியூட்டியில் ஒரு நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்க எத்தனை கை இருக்கும்?

ஏன் அந்தக் கேள்வி என்பது வேலையைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

வேலை என்பது என்ன

ஐசியு உதவியாளர் ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, வென்டிலேட்டர் பட்டனைத் தொடுவதில்லை. தொண்டைக் குழாய் வழியாகச் சளி உறிஞ்சுவதும் அவர் வேலை இல்லை. உடம்பு துடைப்பது, வாய் சுத்தம் செய்வது, படுக்கை விரிப்பு மாற்றுவது, சிறுநீர் அளவு பார்த்துச் சொல்வது, ரத்த மாதிரியை லேபுக்குக் கொண்டுபோவது, ஸ்கேனுக்கு அழைத்துப்போகும்போது கூடப் போவது, கழிவைப் பிரிப்பது, இவையே அன்றாடம். இவற்றில் உடம்பையும் கவனத்தையும் அதிகம் கேட்பது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது.

வென்டிலேட்டரில் இருப்பவரைத் திருப்ப, தலைமாட்டில் நின்று குழாயைப் பிடித்துக்கொள்ள ஒரு சிஸ்டர், இரண்டு பக்கமும் ஒவ்வொருவர் என்று குறைந்தது மூன்று பேர் வேண்டும். கனத்த உடம்பு என்றால் நான்கு. கட்டில் சக்கரத்துக்கு பிரேக் போட்டு, கட்டிலை இடுப்பு உயரத்துக்கு ஏற்ற வேண்டும். எந்தப் பக்கம் திருப்புகிறோமோ அந்தப் பக்கத்துக்கு யூரின் பேக்கை முதலில் மாற்ற வேண்டும். வென்டிலேட்டர் குழாய் இழுபடாமல் கூடவே வரப் போதிய நீளம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்குக் குழாயில் உணவு ஓடிக்கொண்டிருந்தால் சிஸ்டர் நிறுத்தும் வரை தலைமாட்டைத் தாழ்த்தக் கூடாது. வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். அடி விரிப்பை நோயாளியின் உடம்பை ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, தலைமாட்டில் நிற்பவர் எண்ணச் சொல்லி, எல்லோரும் ஒன்றாகத் தூக்கித் திருப்ப வேண்டும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி சாய்வில் நிறுத்தி, கெண்டைக்கால் அடியில் இன்னொரு தலையணை வைத்தால் குதிகால் படுக்கையில் படாது. தலைமாட்டை மறுபடி 30 முதல் 45 டிகிரிக்கு ஏற்ற வேண்டும். கடைசியாக, காது மடங்கியிருக்கிறதா, குழாய் ஏதாவது தொடைக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை.

இதை ஒருவரே செய்தால் தூக்க முடியாது, இழுக்கத்தான் முடியும். இழுத்தால் இடுப்புக்குக் கீழே தோல் உராய்ந்து உரிகிறது; படுக்கைப் புண் அங்கேதான் தொடங்கும். யூரின் பேக்கை மாற்ற மறந்தால், சிறுநீர்ப்பைக்குள் ஊதிவைத்த பலூனோடு குழாய் இழுபட்டு ரத்தம் வரும். தலைமாட்டில் ஆள் இல்லையென்றால் மூச்சுக்குழாயே நழுவலாம். அது சில நிமிடங்களில் உயிரைக் குடிக்கும் விஷயம். தனியாளாகத் தூக்கும் உதவியாளரின் முதுகும் சீக்கிரம் போய்விடும். கைகளை எண்ணச் சொல்வது இதற்காகத்தான். உங்கள் உடம்பும் நோயாளியின் உடம்பும் அந்த ஒரே எண்ணிக்கையில் தொங்குகின்றன.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். இரண்டுமே தேசிய நெடுஞ்சாலை 44ஐ நம்பியிருக்கும் மாவட்டங்களுக்கான மருத்துவமனைகள். தொப்பூர் கணவாயில் லாரி மோதினாலும், அரூர் பக்கம் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்தாலும், பூச்சி மருந்து உள்ளே போனவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாலும் முதலில் நினைவுக்கு வருவது அரசு மருத்துவமனைதான். வேலை பழக இதைவிடப் பரந்த இடம் இந்தப் பகுதியில் கிடையாது.

ஆனால் ஆண் செவிலிய உதவியாளர், பெண் செவிலிய உதவியாளர் என்ற நிரந்தரப் பணியிடங்கள் கொஞ்சம். புதிதாகச் சேருகிறவர்கள் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம் வழியாகவே வருகிறார்கள். அங்கே இரண்டு சங்கடம். இன்றைக்கு ஐசியு, அடுத்த மாதம் புறநோயாளிப் பிரிவு, அதற்கடுத்து பிரசவ வார்டு என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஐசியுவில் கை பழகுவதற்குள் வேறிடம். ஒப்பந்தம் கைமாறும்போது பிஎஃப் கணக்கு அறுந்துபோவது இன்னொன்று. யுஏஎன் என்ற பிஎஃப் எண் ஒருவருக்கு ஒன்றுதான்; புது நிறுவனத்திடம் அதையே கொடுத்துப் பழைய கணக்கை அதோடு இணைக்கச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இரண்டு மூன்று கணக்குகளில் பணம் சிதறிக் கிடக்கும்.

"உள்ளே சேர்ந்துவிட்டால் நிரந்தரம் பண்ணிடலாம்" என்று சொல்லிப் பணம் கேட்கும் தரகர்களை ஒருபோதும் நம்ப வேண்டாம். ஒப்பந்தப் பணி தானாக அரசுப் பணியாகாது. நிலத்தை அடகு வைத்துக் கொடுத்த பணத்துக்கு ரசீதும் இருக்காது.

இங்கே வேலை செய்யப்போகிறவர் கற்றே தீர வேண்டிய இரண்டு விஷயங்கள் இந்த மண்ணோடு சேர்ந்தவை. பாம்புக்கடிக்கு 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை செய்வார்கள்: சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம் எடுத்து, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்ப்பார்கள். உறையவில்லையென்றால் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். அந்தக் குழாயைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவி வைத்தவர் உதவியாளராக இருந்தால், சோப்பின் மிச்சமே ரத்தத்தை உறையவிடாமல் செய்துவிடும். பிளாஸ்டிக் குழாயும் ஆகாது. நடுவில் யாராவது எடுத்து ஆட்டிப் பார்த்தாலும் முடிவு கெட்டுப்போகும். எந்தப் பரிசோதனைக் கருவியும் இல்லாமல் செய்கிற இந்தச் சோதனையையும் வைத்துத்தான் விஷமுறிவு மருந்து கொடுப்பதா என்று முடிவெடுக்கிறார்கள்.

பூச்சி மருந்து விஷத்தில் வந்தவரைக் கையாளும்போது, உடுப்பு முழுவதையும் கழற்றி இரட்டைப் பையில் கட்டி, உடம்பையும் தலைமுடியையும் சோப்பும் நிறைய தண்ணீரும் விட்டுக் கழுவ வேண்டும். தோல் வழியாக விஷம் இன்னும் ஏறிக்கொண்டே இருக்கும் என்பதால் இது துப்புரவு வேலை அல்ல, சிகிச்சையின் பாதி. கழுவுகிறவர் கையுறையும் ஏப்ரனும் போடாவிட்டால் அவருக்கும் ஏறும். தோல் செருப்பு, பெல்ட்டு மருந்தை உறிஞ்சி வைத்திருக்கும். அவற்றைத் திருப்பிக் கொடுக்காமல் அப்புறப்படுத்த வேண்டும். வாந்தி பட்ட துணியை வார்டு மூலையில் வீசிவிட்டுப் போனால், அந்த அறையில் இருக்கிற எல்லோருக்கும் தலைவலி வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். இப்படி வந்தவரைப் பற்றி வெளியில் பேசாதீர்கள், அவர் காதுபட "ஏன் குடிச்சே" என்று கேட்காதீர்கள். பக்கத்து ஊர்க்காரராகவே இருப்பார்.

ஊரிலேயே தனியார் மருத்துவமனை

வேலை சீக்கிரம் கிடைக்கும், வீட்டுச் சாப்பாடு, டாக்டர் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு நெருக்கம். நான்கு, ஆறு படுக்கை ஐசியு என்றால் ஆறு மாதத்தில் எல்லாக் கருவியின் பெயரும் தெரிந்துவிடும். ஒரு தனியார் மருத்துவமனை நன்றாக நடந்தால் கற்றுக்கொள்ள அதுவே போதும்.

கவலை வேறிடத்தில். 12 மணி நேர டியூட்டியில் ஒரு சிஸ்டரும் ஒரு உதவியாளரும் மட்டும் இருக்கும் ராத்திரிகளில், "இந்த ஊசியை நீயே போட்டுடு" என்ற சொல் வரும். முதலில் பெருமையாகக்கூட இருக்கும். போடாதீர்கள். மருந்து கொடுக்கும் பொறுப்பு நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவருக்கு மட்டுமே. தவறு நடந்தால் பதிவில் சிஸ்டர் பெயர் இருக்கும், செய்தது நீங்கள். இருவருமே மாட்டிக்கொள்வீர்கள், நோயாளி போய்விட்டிருப்பார். "எனக்கு அனுமதி இல்லைங்க சிஸ்டர், நான் கூட நின்னு எடுத்துக் கொடுக்கிறேன்" என்று மரியாதையாகச் சொல்லலாம். அப்படிச் சொன்னதற்காக வேலையை விட்டு அனுப்புகிற இடம் என்றால் அது நீங்கள் இருக்க வேண்டிய இடமும் அல்ல.

இன்னொன்று, நோயாளியைச் சேலத்துக்கோ பெங்களூருவுக்கோ மாற்றும்போது ஆம்புலன்சில் உதவியாளரை மட்டும் ஏற்றிவிடுவது. சேரும்போதே கேட்டுவிடுங்கள்: வென்டிலேட்டர் நோயாளியோடு நர்ஸ் வருவாரா? வருகிறார் என்றாலும் ஆக்சிஜன் கணக்கை நீங்களும் போடத் தெரிந்திருக்க வேண்டும். சிறிய பி டைப் சிலிண்டரின் நீர்க் கொள்ளளவு சுமார் 10 லிட்டர். அளவி 'பார்' கணக்கில் காட்டும் அழுத்தத்தை அதனால் பெருக்கினால் உள்ளே இருக்கும் ஆக்சிஜன் வரும். 150 காட்டினால் 1,500 லிட்டர், 75 காட்டினால் 750. நோயாளிக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர் போகிறது என்றால் 750 லிட்டர் 75 நிமிடத்துக்கு. தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். தொப்பூரில் வண்டிகள் தேங்கினால் ஒன்றரை மணி நேரம் ஆகும். 90 நிமிடத்துக்கு 900 லிட்டர் வேண்டும். பாதி சிலிண்டரோடு கிளம்பியவர் மாமாங்கம் வருவதற்குள் தவித்துப்போவார். தேவையின் ஒன்றரை மடங்காவது இருந்தால்தான் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். அளவி பாதிக்குக் கீழே காட்டும் சிலிண்டரை "இருக்கு, போதும்" என்று தள்ளிவிடும் பழக்கம் சின்ன இடங்களில் உண்டு.

சிலிண்டர் வால்வில் எண்ணெய், கிரீஸ் எதுவும் படக் கூடாது. தலைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் கையோடு தொட்டாலும் ஆபத்துதான். அழுத்தத்தில் வரும் ஆக்சிஜன் எண்ணெயைத் தீப்பிடிக்க வைக்கும். வால்வை மெதுவாகத் திறக்க வேண்டும்.

ஓசூர், பெங்களூரு

பெரிய மருத்துவமனைகளில் முதல் சில நாள் பயிற்சி, எழுதிவைத்த நடைமுறை, யார் எதைச் செய்யலாம் என்ற வரையறை எல்லாம் இருக்கும். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றவர்களில் இருவருக்கு ஒரு நர்ஸ் என்ற கணக்கைப் பின்பற்ற முயல்கிற இடங்களும் இங்கேதான் அதிகம். தேன்கனிக்கோட்டை, தளி, சூளகிரிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கன்னடமும் தெலுங்கும் வீட்டிலேயே புழங்குவதால், பெங்களூரு ஐசியுவில் அது பெரிய பலம். குழாய் எடுத்ததும் பயந்து விழிக்கிற நோயாளியிடம் அவர் பாஷையில் "நீங்க ஆஸ்பத்திரில இருக்கீங்க, பயப்படாதீங்க" என்று சொல்ல ஆள் வேண்டும். பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து போகிறவர்கள் முதல் மூன்று மாதம் திணறுவார்கள்.

சம்பளத்தைக் கையில் நிற்கும் பணமாகப் பாருங்கள். எடுத்துக்காட்டுக்கு ஒரு கணக்கு. ஊரில் 11,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முழுவதற்கும் பிஎஃப் 12 சதவீதம் பிடித்தால் 1,320; இஎஸ்ஐ 0.75 சதவீதம் 83. கைக்கு 9,597. பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 40 வீதம் 26 நாளைக்கு 1,040 போக மிச்சம் 8,557. பெங்களூருவில் 17,000 என்றால், 15,000க்கு மட்டும் பிஎஃப் பிடித்தால் 1,800, இஎஸ்ஐ 128, கைக்கு 15,072. ஹாஸ்டலும் சாப்பாடும் 7,000, மாதம் இரண்டு முறை ஊருக்கு வந்துபோக 700 என்றால் மிச்சம் 7,372. ஆறாயிரம் கூடுதல் சம்பளம், கையில் ஆயிரத்துக்கு மேல் குறைவு. பிஎஃப்பில் 480 ரூபாய் அதிகம் சேர்கிறது, வீட்டில் சாப்பிடும் செலவு வீட்டார் தலையில் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஊரில் பெண்கள் அரசு நகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போவதால் அந்த 1,040ம் மிச்சமாகலாம். மருத்துவமனையே இலவசமாகத் தங்குமிடம் கொடுத்தால் கணக்கு தலைகீழாக மாறும். கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

தருமபுரியிலிருந்து ஓசூர் வழியாகப் பெங்களூருவுக்கு ரயில் உண்டு. கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் இல்லாததால் பஸ்தான். ஓசூரில் வேலை என்றால் தினம் போய்வரலாம் என்று தோன்றும். கிருஷ்ணகிரியிலிருந்து 50 கிலோமீட்டர்தான். 12 மணி நேர டியூட்டியோடு அது மூன்று மாதத்துக்கு மேல் தாங்காது. சித்தேரி, வத்தல்மலை போல மலையில் வீடு இருப்பவர்கள் எங்கே சேர்ந்தாலும், டியூட்டி முடியும் நேரத்தையும் கடைசி பஸ் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துவிட்டே ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஒரு வருடம் படித்துவிட்டுப் போவது

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்தவர்களுக்கு எங்கள் கருத்து இதுதான்: வீடு ஒரு வருடம் தாங்குமென்றால் படித்துவிட்டுப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை டெக்னீசியன், சுவாச சிகிச்சை டெக்னீசியன், மயக்கவியல் டெக்னீசியன், டயாலிசிஸ் டெக்னீசியன் போன்ற ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்புகள் நடக்கின்றன. எல்லாக் கல்லூரியிலும் எல்லாப் படிப்பும் இருக்காது. முதல்வர் அலுவலகத்தில் நேரில் கேட்க வேண்டும். நான்கு ஆண்டு ஒதுக்க முடிந்தால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி கிரிட்டிகல் கேர் டெக்னாலஜி இருக்கிறது. அதில் கடைசி ஓராண்டு பயிற்சிக் காலம். உதவியாளராகப் பத்து வருடம் இருந்தாலும் அந்த அனுபவம் மட்டும் உங்களை டெக்னீசியன் ஆக்காது. இதை வேலைக்குச் சேர்ந்து ஐந்து வருடம் கழித்துத் தெரிந்துகொள்கிறவர்களைப் பார்க்கும்போதுதான் மனசு வலிக்கிறது.

பத்தாவது மட்டும் படித்தவர்களுக்கு சில மாத ஜெனரல் டியூட்டி அசிஸ்டென்ட் பயிற்சி போதும். ஆனால் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் "ஒரு வருட நர்சிங்" என்று போர்டு வைத்திருக்கும் இடங்களில் பணம் கட்டாதீர்கள். நர்ஸாகப் பதிவு செய்ய வழியுள்ள படிப்புகள் ஏஎன்எம் (துணைச் செவிலியர்) இரண்டு ஆண்டு, ஜிஎன்எம் (செவிலியர் பட்டயம்) மூன்று ஆண்டு, பி.எஸ்சி நர்சிங் நான்கு ஆண்டு. ஒரு வருட நர்சிங் என்று எதுவும் கிடையாது.

சேரும் முன் ஐசியுவை எட்டிப் பாருங்கள்

நேர்முகத்துக்குப் போன அன்றே ஐந்து நிமிடம் உள்ளே காட்டச் சொல்லுங்கள். யூரின் பேக் தரையில் கிடக்கிறதா, கட்டில் கம்பியில் தொங்குகிறதா? தலைமாடு ஏற்றியிருக்கிறதா? ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போகும்போது கைக்கு ஹேண்ட் ரப் போடுகிறார்களா? சிவப்புப் பையில் குழாயும் யூரின் பேக்கும், மஞ்சளில் ரத்தம் பட்ட பஞ்சு, துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில் ஊசி, நீலத்தில் கண்ணாடி மருந்துப் புட்டி என்று பிரிந்திருக்கிறதா? அலாரம் அடித்தால் யாராவது நோயாளியைப் பார்க்கிறார்களா, பட்டனை மட்டும் அமுக்குகிறார்களா? இந்த ஐந்தில் மூன்று தவறினால், சம்பளம் எவ்வளவு சொன்னாலும் யோசிக்க வேண்டும்.

பிறகு எண்ணிக்கை. ராத்திரி எத்தனை நோயாளி, எத்தனை சிஸ்டர், எத்தனை உதவியாளர் என்று அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற உதவியாளரிடம் கேளுங்கள். எச்ஆர் சொல்வது பகல் கணக்காக இருக்கும். ஆறு வென்டிலேட்டர் படுக்கைக்கு ஒரே உதவியாளர் என்றால், 12 மணி நேரத்தில் ஆறு பேரை ஆறு தடவை வீதம் 36 முறை திருப்ப வேண்டும். ஒருமுறைக்கு 10 நிமிடம் என்றாலே ஆறு மணி நேரம் அதற்கே போய்விடும். மீதி நேரத்தில் உடம்பு துடைப்பது, லேப், ஸ்கேன், விரிப்பு எல்லாம் நடக்காது; எனவே திருப்புவதுதான் விட்டுப்போகும். குறிப்பேட்டில் மட்டும் இரண்டு மணிக்கொருமுறை திருப்பியதாக எழுதியிருக்கும்.

சேர்ந்த முதல் வாரத்திலேயே சிறுநீர் அளவில் கவனம் வையுங்கள். 60 கிலோ உடம்புக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தால் சிஸ்டரிடம் உடனே சொல்ல வேண்டும். கண்ணை அளவுக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்க்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் தவறும். அளவைச் சொல்லாமல் கொட்டிவிட்டால் அந்த மணி நேரத்தின் கணக்கு போயிற்று. கொட்டியபின் கீழ் வால்வை மூட மறந்தால் அடுத்த மணி நேரத்தின் கணக்கும் தரையில் ஓடிவிடும், டாக்டர் சிறுநீரகம் நின்றுவிட்டதோ என்று பதறுவார். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுதான் அடிக்கடி நடப்பது.

ஊசி குத்துவது உதவியாளருக்கு ஊசி போடும்போது அல்ல, விரிப்பை உதறும்போதும் பையைக் கட்டும்போதும்தான் நடக்கும். குத்தினால் அழுத்திப் பிதுக்காமல் சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, உடனே சொல்ல வேண்டும். எச்ஐவி தடுப்பு மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, 28 நாள் சாப்பிட வேண்டும். அந்த மருந்து ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடம் கிடைக்கும் என்று சேரும் அன்றே கேட்டு வையுங்கள். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி 0, 1, 6 மாதம் என்று மூன்று தவணை. எந்த இடத்தைத் தேர்ந்தாலும், வேலைக்குச் சேரும் முன்பே முதல் தவணையைப் போட்டுவிடுங்கள். மூன்றும் முடிந்து ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பு அளவு 10க்கு மேல் வந்திருக்கிறதா என்று ஒருமுறை பரிசோதித்து, அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.